கண்ணை இடுக்கினால் ஊர் தெரியும்

லென்ஸின் துளையைச் சுருக்குவதும் விரிப்பதும் வெறும் வெளிச்சக் கணக்கல்ல. ஆளை மட்டும் காட்டுவதா, அவர் இருக்கும் இடத்தையும் சேர்த்துக் காட்டுவதா என்ற முடிவு அது. கேரளத்தின் தெற்கு எல்லையில் இருக்கும் தறிக்கூடங்களில் இந்த முடிவுக்குத் தனி மதிப்பு உண்டு.

களியக்காவிளை பஸ் நிலையத்தில், கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த பெரியவர்களைச் சுலபமாக அடையாளம் கண்டுவிடலாம். பஸ் திரும்பும்போதே கண்ணை இடுக்குவார்கள். தமிழ்நாட்டு பஸ் என்றால் தமிழ்ப் பலகை, கேரள பஸ் என்றால் மலையாளப் பலகை. இரண்டையும் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பக்கத்தில் பஞ்சமில்லை. ஆனால் எழுத்தே கலங்கித் தெரிந்தால் எந்த மொழி தெரிந்து என்ன? இடுக்கிய கண்ணுக்குக் கலங்கல் கொஞ்சம் விலகும். சிலர் கையைக் குழல்போல மடக்கி, நடுவில் சின்ன ஓட்டை விட்டு அதன் வழியே பார்ப்பார்கள். இன்னும் தெளிவாகத் தெரியும்.

கேமரா லென்ஸுக்குள் இருக்கும் அபெர்ச்சர் செய்வதும் இதைத்தான். வட்டமாக அடுக்கிய மெல்லிய உலோகத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்து துளையைச் சுருக்குகின்றன, விரிக்கின்றன. துளை சுருங்கினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும். அதோடு, படத்தில் தெளிவாகத் தெரியும் ஆழம் கூடும். இந்த ஆழத்தைத்தான் ஸ்டூடியோக்காரர்கள் ‘டெப்த் ஆஃப் ஃபீல்டு’ என்கிறார்கள். தமிழில் ‘தெளிவாழம்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

களியக்காவிளையிலிருந்து பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று திருவனந்தபுரம் நோக்கிப் போகும் நெடுஞ்சாலையில் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ள இடங்களுக்குக் குறைவில்லை. இது எல்லைப் பிரதேசம். 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே தங்கிவிட்டது. கோடு போட்டார்களே தவிர, ரப்பர் தோட்டமும் தென்னந்தோப்பும் ஓட்டு வீடும் இரு பக்கமும் ஒரே மாதிரிதான். ஒரு முகத்தை மட்டும் படமெடுத்தால் அது எந்தப் பக்கத்து முகம் என்று யாராலும் சொல்ல முடியாது. பின்னால் இருக்கும் கடைப்பலகையோ சுவரொட்டியோ தெளிவாக விழுந்தால்தான் ஊர் தெரியும். லென்ஸின் துளை எவ்வளவு என்பதைப் பொறுத்த விஷயம் அது.

இதைப் புரிந்துகொள்ளப் பழைய மேனுவல் லென்ஸைவிட நல்ல வாத்தியார் கிடையாது. பெட்டியில் தூங்கும் ஒரு 50 மி.மீ. லென்ஸை எடுத்துப் பாருங்கள். அதில் ஒரு வளையத்தில் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று எண்கள் இருக்கும். திருகினால் ஒவ்வொரு எண்ணிலும் ‘டக்’கென்று விரலுக்குத் தட்டுப்படும். எண் பெரிதானால் துளை சிறிது. புதிதாக வருகிறவர்களைக் குழப்புவது இதுதான். லென்ஸின் குவிய தூரத்தை இந்த எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் கிடைத்துவிடும். 50-ஐ 2-ஆல் வகுத்தால் 25 மி.மீ., கிட்டத்தட்ட பழைய ஒரு ரூபாய் நாணய அளவு. 16-ஆல் வகுத்தால் 3 மி.மீ.க்குச் சற்று மேல், ஓர் உளுந்தளவு. ஒவ்வொரு எண்ணுக்கு நகரும்போதும் வெளிச்சம் பாதியாகிறது. 2-லிருந்து 16-க்கு ஆறு படிகள். ஆகவே வெளிச்சம் 64-ல் ஒரு பங்காகிவிடும்.

வெளிச்சம் குறைவது புரிகிறது, தெளிவு ஏன் கூடுகிறது? பார்க்கும் பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளி, துளையின் முழு அகலத்திலும் நுழைந்து கூம்பாகக் குவிகிறது. ஃபோகஸ் செய்த தூரத்தில் இருக்கும் புள்ளி, படத்திலும் புள்ளியாகவே விழும். அதற்கு முன்னாலோ பின்னாலோ இருப்பது சிறு வட்டமாக விழும். அந்த வட்டங்கள் ஒன்றோடொன்று கலப்பதுதான் கலங்கல். துளை பெரிதானால் கூம்பு பருமன், வட்டமும் பெரிது. துளை சிறிதானால் கூம்பு ஒல்லி, வட்டமும் சிறிது. 35 மி.மீ. பிலிமில் அந்த வட்டம் 0.03 மி.மீ.க்குள் இருந்தால் கண் அதைப் புள்ளி என்றே ஏற்றுக்கொள்ளும் என்பது லென்ஸ் செய்பவர்கள் வைத்துக்கொண்ட கணக்கு. கறாராகச் சொன்னால் ஒரே ஒரு தூரம்தான் தெளிவு. மற்றதெல்லாம் கண்ணின் பெருந்தன்மை!

இதைக் கண்ணாலேயே பார்க்க வேண்டுமானால் பாலராமபுரத்தின் சாலியர் தெருக்களுக்குப் போக வேண்டும். நெய்யாற்றின்கரை தாலுகாவைச் சேர்ந்த இந்தக் கைத்தறி ஊருக்கு, 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மாவின் பெயர். அரண்மனைக்குத் துணி நெய்ய அந்தக் காலத்தில் இன்றைய தமிழ்நாட்டின் தென்கோடியிலிருந்து சாலியர் குடும்பங்கள் இங்கே குடியமர்த்தப்பட்டன. திவான் உம்மிணித் தம்பியின் பெயர் இந்தக் கதையோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. கசவுக் கரை போட்ட வேட்டியும் புடவையும் இன்று கேரளத்தின் அடையாளம். அதை நெய்யக் கொண்டுவரப்பட்டவர்கள் தமிழர்கள் என்பது ஓணத்துக்குப் புடவை வாங்கும் பலருக்குத் தெரியாது.

நெசவுக்கு முன் பாவுக்குக் கஞ்சி ஏற்ற வேண்டும். நூல்களைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, பெரிய பிரஷ்ஷால் நீவி, ஒட்டிய இழைகளைப் பிரித்து உலர்த்துவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. முன்பு அன்றாடக் காட்சியாக இருந்த இது, தறிகள் குறைந்துவிட்ட இன்று தினமும் காணக் கிடைப்பதில்லை. கிடைக்கும் நாளில் கேமராவோடு போகிறவர் அதிர்ஷ்டசாலி. ஆயிரக்கணக்கான வெள்ளை இழைகள் காலடியிலிருந்து தெருக்கோடி வரை நேராக ஓடுகின்றன. தெளிவாழத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோலை யாரும் செய்துவிட முடியாது.

பாவின் ஒரு முனையில் நின்று 50 மி.மீ. லென்ஸை 2 மீட்டருக்கு ஃபோகஸ் செய்யுங்கள். துளை எஃப்/2 என்றால் இழைகள் ஏறத்தாழ 1.9 மீட்டரிலிருந்து 2.1 மீட்டர் வரைதான் தெளிவு. ஒரு சாண் அகலத்துக்கும் குறைவு. அதற்கு முன்னும் பின்னும் பால் கொட்டியதுபோல ஒரே வெண்மை. எஃப்/8-க்குச் சுருக்கினால் 1.7-லிருந்து 2.5 மீட்டர் வரை இழை இழையாகப் பிரிந்து தெரியும். எஃப்/16-ல் 1.45-லிருந்து 3.2 மீட்டர் வரை. கஞ்சி நீவுகிறவரின் கையும் பிரஷ்ஷும் இழைகளும் ஒரே தெளிவுக்குள் வந்துவிடும்.

இன்னொன்றையும் இழைகள் காட்டிக்கொடுக்கும். ஃபோகஸுக்கு முன்னால் ஒரு பங்கு, பின்னால் இரண்டு பங்கு தெளிவு என்று ஸ்டூடியோக்களில் ஒரு பாட்டி வைத்தியம் உண்டு. மேலே சொன்ன எஃப்/16 கணக்கில் அது ஏறக்குறைய சரி. எஃப்/2-லோ முன்னும் பின்னும் சமம். தூரமும் துளையும் மாறினால் அந்தப் பங்கும் மாறும். கிட்டே போகப் போக ஆழம் மெலிந்துகொண்டே போகும். 1 மீட்டரில் எஃப்/2 வைத்தால் மொத்தம் 5 செ.மீ.தான். முகத்துக்கு நேராகப் பிடித்தால் கண் தெளிவாக இருக்கும், காது கலங்கியிருக்கும்.

தெருவில் வெளிச்சம் தாராளம். தறிக்கூடத்துக்குள் நுழைந்ததும் நிலைமை மாறுகிறது. தாழ்ந்த ஓட்டுக்கூரை, ஒரு ஜன்னல், அதிர்ஷ்டம் இருந்தால் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு. நெசவாளர் தரையோடு தரையாக உட்கார்ந்து, குழிக்குள் கால் விட்டு மிதிகட்டைகளை மிதிக்கிறார். நாடாவைக் கையாலேயே இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் எறிகிறார். இந்த வெளிச்சத்தில் எஃப்/2-ல் 1/60 விநாடி கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், எஃப்/16-க்கு ஒரு முழு விநாடி வேண்டும். ஒரு விநாடியில் நாடா போய்விடும், கை ஆவிபோல் ஆகிவிடும். தறி மட்டும் ஆணி அடித்த மாதிரி தெளிவாக நிற்கும். எஃப்/2-லேயே எடுத்தால் முகம் அழகாக வரும், தறி போய்விடும்.

பெரும்பாலோர் இரண்டாவதைத்தான் எடுக்கிறார்கள். பத்திரிகைகளிலும் விளம்பரங்களிலும் நெசவாளர் படம் என்றால் சுருக்கம் விழுந்த ஒரு முகம், பின்னால் பஞ்சுபோல் ஒரு மங்கல். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கைத்தறிக்கு இந்த அழகால் நஷ்டம். பாலராமபுரம் துணிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அதன் தொண்டையை நெரிப்பது, கைத்தறி என்ற பெயரில் விற்கப்படும் விசைத்தறித் துணி. குழி, மிதிகட்டை, விழுது, கையால் எறிந்த நாடா ஆகியவை படத்தில் இருந்தால் அது கைத்தறிக்குச் சாட்சி. முகம் மட்டும் இருந்தால் அந்த முகத்துக்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் விற்கலாம். மங்கலுக்குள் எந்தத் தறி இருக்கிறது என்று யார் கேட்கப் போகிறார்கள்?

நடுவில் ஒரு வழி இருக்கிறது. 50-ஐக் கழற்றிவிட்டு 28 மி.மீ. லென்ஸைப் போடுவது. குவிய தூரம் குறைந்தால் ஆழம் வெகுவாகக் கூடும். 28 மி.மீ., எஃப்/5.6, 2 மீட்டரில் ஃபோகஸ் என்றால் 1.4 மீட்டரிலிருந்து 3.5 மீட்டர் வரை தெளிவு. ஒரு குழித்தறியும் அதில் உட்கார்ந்திருப்பவரும் அடங்கிவிடுவார்கள். வெளிச்சக் கணக்கில் இது 1/8 விநாடி. 400 வேக பிலிம் காலத்தில் இதோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. இன்றைய டிஜிட்டல் கேமராவில் வேகத்தை 3200-க்கு ஏற்றினால் அதே துளையில் மறுபடியும் 1/60 கிடைத்துவிடுகிறது. அதாவது, முன்பு இருந்த சாக்கு இப்போது இல்லை.

கைபேசியில்தான் எல்லாம் தெளிவாக விழுகிறதே, பிறகு எதற்கு இந்தப் பாடு என்று கேட்கலாம். விழுகிறது, உண்மைதான். கைபேசி லென்ஸில் எஃப்/1.8 என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். ஆனால் அதன் உண்மையான குவிய தூரம் 6 மி.மீ. அளவே. 6-ஐ 1.8-ஆல் வகுத்தால் துளை 3 மி.மீ.க்குச் சற்று மேல். நம் பழைய 50 மி.மீ. லென்ஸின் எஃப்/16 துளையும் அவ்வளவுதான். கைபேசி எப்போதும் கண்ணை இடுக்கியே பார்க்கிறது. வேடிக்கை என்னவென்றால், இயல்பாகக் கிடைக்கும் இந்தத் தெளிவை மறைக்கத்தான் கம்பெனிகள் பாடுபடுகின்றன. 2016-ல் ஐபோன் 7 பிளஸ்ஸோடு வந்த ‘போர்ட்ரெய்ட் மோடு’ பின்னணியைக் கணக்குப் போட்டு மங்கலாக்கியது. இன்று விலை குறைந்த போன்களிலும் அது உண்டு. முடி, நூல் போன்ற மெல்லிய விளிம்புகள் வந்தால் அந்தக் கணக்கு அடிக்கடி தடுமாறும். பாவு இழைகளுக்கு முன் அதை நீட்டிப் பாருங்கள், தெரியும்.

மங்கல் என்றாலே மோசம் என்று சொல்ல வரவில்லை. ஸ்டான்லி குப்ரிக் 1975-ல் வெளிவந்த ‘பேரி லிண்டன்’ படத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே காட்சிகளை எடுக்க, ஜெய்ஸ் நிறுவனத்தின் எஃப்/0.7 லென்ஸைப் பயன்படுத்தினார். நடிகர்கள் சற்றே முன்னால் சாய்ந்தாலும் ஃபோகஸ் போய்விடும் அளவுக்கு மெல்லிய ஆழம். அந்தக் காட்சிகளுக்கு அதுதான் பொருத்தம். இதற்கு நேர்மாறாக, 1932-ல் கலிபோர்னியாவில் ஆன்செல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலானோர் தங்கள் குழுவுக்கே ‘எஃப்/64’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பெரிய பெட்டிக் கேமராவில் மிகச் சிறிய துளை. கல்லும் இலையும் மலையும் ஒன்றுபோல் தெளிவாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. களியக்காவிளை சந்தையின் நெரிசலில் மீன்காரம்மா ஒருவரைத் தனியே பிரித்துக் காட்ட எஃப்/2 கை கொடுக்கும். தறிக்கூடத்தில் அதே எஃப்/2 காலை வாரும்.

கல்யாண வீட்டில் இது இன்னும் நுட்பமான விவகாரம். பாறசாலைப் பக்கத்துக் கல்யாணம் ஒன்றில் குரூப் போட்டோ என்றால் மூன்று வரிசை. நாற்காலியில் பெரியவர்கள், பின்னால் நிற்பவர்கள், அதற்கும் பின்னால் பெஞ்சில் ஏறி நிற்கும் மச்சினன்மார், ஒன்றுவிட்ட சித்தப்பா வகையறா. முன்வரிசை 4 மீட்டரில், கடைசி வரிசை 5.6 மீட்டரில் என்று வைத்துக்கொள்வோம். 4.5 மீட்டரில் ஃபோகஸ் செய்து எஃப்/2.8-ல் எடுத்தால் தெளிவு 3.9-லிருந்து 5.3 மீட்டர் வரை. பெஞ்சில் நிற்பவர்கள் கலங்கிவிடுவார்கள். எஃப்/8-ல் 3.1-லிருந்து 8 மீட்டர் வரை எல்லோரும் பிழைத்துவிடுவார்கள். பெரும்பாலும் தூரத்து உறவும் கைச்செலவுக்கு வழியில்லாத உறவும்தான் கடைசி வரிசைக்குப் போகும். இருபது வருஷம் கழித்து ஆல்பத்தில் ‘இது யாரு?’ என்று கேட்கப்படுவதும் அவர்கள்தான். இரட்டை லென்ஸ் யாஷிகா வைத்துப் படமெடுத்த அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் ஃபிளாஷைப் பொருத்திக்கொண்டு துளையை 8-லோ 11-லோ வைத்ததற்குக் காரணம் இருந்தது. அந்தக் கேமராவில் பார்க்கும் லென்ஸ் ஒன்று, எடுக்கும் லென்ஸ் வேறு. தெளிவாழத்தைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்ய வழியில்லை. கணக்கை மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

மேனுவல் லென்ஸ்களில் அந்தக் கணக்கு பீப்பாயிலேயே செதுக்கப்பட்டிருக்கும். ஃபோகஸ் அடையாளக் கோட்டுக்கு இரு பக்கமும் 4, 8, 11, 16 என்று ஜோடி ஜோடியாக எண்கள். துளை 11 என்றால், இடப்பக்க 11-க்கும் வலப்பக்க 11-க்கும் நேராக எந்தெந்தத் தூரம் வருகிறதோ அதற்குள் எல்லாம் தெளிவு. ஆட்டோஃபோகஸ் வந்தபின் இந்த அளவுகோல் சுருங்கி, பல புதிய லென்ஸ்களில் அடியோடு காணாமல் போய்விட்டது. மோட்டார் ஃபோகஸ் செய்கிறது, நல்லதுதான். ஆனால் ‘எதிலிருந்து எதுவரை’ என்ற கேள்வியை அது கேட்பதே இல்லை.

செங்கல் மகேஸ்வரம் சிவபார்வதி கோயிலில் 111.2 அடி உயரச் சிவலிங்கம் நிற்கிறது. 2019-ல் இந்தியாவிலேயே உயரமானது என்று பதிவானது. அதன் முன் நிற்கும் பாட்டியையும் லிங்கத்தையும் ஒரே படத்தில் தெளிவாக எடுக்க வேண்டுமா? 28 மி.மீ. லென்ஸில் துளையை 11-ல் வைத்து, முடிவிலிக் குறியை ஒரு பக்கத்து 11-க்கு நேராகத் திருகிவிடுங்கள். இப்போது ஃபோகஸ் 2.4 மீட்டரில் நிற்கும். தெளிவு 1.2 மீட்டரில் தொடங்கி லிங்கத்தின் உச்சியையும் தாண்டிப் போகும். பாட்டிக்கும் ஃபோகஸ் செய்யவில்லை, லிங்கத்துக்கும் ஃபோகஸ் செய்யவில்லை. இரண்டும் தெளிவு. நடுவெயிலில் 100 வேகத்துக்கு எஃப்/16, 1/100 விநாடி என்பது பழைய விதி. எஃப்/11 என்றால் 1/200. மீட்டரே வேண்டாம். ஆசையில் 22 வரை போகாதீர்கள். துளை மிகவும் சிறுத்தால் ஒளி விளிம்பில் வளைந்து சிதறி, மொத்தப் படமும் மெதுவாக மழுங்கும்.

சினிமாக்காரர்கள் இந்த அளவுகோலை என்றும் கைவிட்டதில்லை. படப்பிடிப்புத் தளத்தில் ஃபோகஸ் புல்லர் இன்றும் தூரத்தை அளந்து, லென்ஸ் வளையத்தைக் கையால்தான் திருப்புகிறார். திருவனந்தபுரத்துக்காரரான சந்தோஷ் சிவனுக்கு 2024-ல் கான் விழாவில் கிடைத்த கௌரவம், பியர் ஆஞ்செனியூ என்ற பிரெஞ்சு லென்ஸ் தயாரிப்பாளரின் பெயரில் தரப்படுவது. இந்த மண்ணுக்கு இது புதிதும் அல்ல. மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ 1928-ல் வெளிவந்தது என்றும் 1930-ல் என்றும் சொல்வார்கள். அதை இயக்கி, கேமராவையும் தானே இயக்கிய ஜே.சி. டேனியல் தமிழ் நாடார் குடும்பத்தவர். 1975-ல் அகஸ்தீஸ்வரத்தில் காலமானார். அவரை மலையாள சினிமாவின் தந்தை என்று ஏற்கக் கேரளம் வெகுகாலம் யோசித்தது. 1992-ல்தான் அவர் பெயரில் மாநில விருது வந்தது. படத்தின் பிரதி மிஞ்சவில்லை. அவர் எந்தத் துளையில் எதைத் தெளிவாக வைத்தார் என்று பார்க்க இனி வழியில்லை.

பழைய லென்ஸ்களுக்கு இப்போது மறுவாழ்வு வந்திருக்கிறது. கண்ணாடி இல்லாத புதிய வகை கேமராக்களில் ஓர் அடாப்டர் வளையத்தைப் போட்டால் ஜெனிட்டோடு வந்த ரஷ்ய ஹீலியோஸும் மாட்டும், அப்பா காலத்து நிக்கோரும் மாட்டும். ஃபோகஸ் ஆன விளிம்புகளைத் திரையில் நிறம் காட்டிச் சொல்லும் வசதியும் உண்டு. வாங்கும்முன் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு பருவமழையும் கொட்டும் இந்தப் பகுதியில் லென்ஸின் முதல் எதிரி பூஞ்சை. கண்ணாடிக்குள் சிலந்திவலைபோல் படர்ந்து, படத்தையே பனிமூட்டம் ஆக்கிவிடும். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பதுதான் பாதுகாப்பு. பீரோவில் துணிகளுக்கு நடுவே வைப்பது பூஞ்சைக்கு விருந்து. துளைத் தகடுகளில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்றும் திருகிப் பார்க்க வேண்டும்.

வாங்கியபின் முதல் பயிற்சிக்கு நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் இருக்கும் அம்மச்சிப்பிலாவு தோதான இடம். 1729-ல் பட்டமேறிய மார்த்தாண்ட வர்மா, அதற்குமுன் எதிரிகளுக்குத் தப்பி இந்தப் பலாமரத்தின் பொந்துக்குள் ஒளிந்துகொண்டார் என்பது ஐதீகம். படமெடுக்க அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது. பொந்தின் விளிம்பில் ஃபோகஸ் வைத்து எஃப்/2-ல் ஒன்று, எஃப்/5.6-ல் ஒன்று, ஸ்டாண்டில் நிறுத்தி எஃப்/16-ல் ஒன்று எடுங்கள். முதல் படத்தில் ஒரு மரத்தின் பட்டை இருக்கும். மூன்றாவதில் பொந்தும், அதன் உட்சுவரும், பின்னால் கோயில் முற்றத்தில் நடப்பவர்களும் இருப்பார்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் என்றால் மூன்றாவது படத்துக்கு நீண்ட நேரம் ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டிவரும். நடப்பவர்கள் புகையாகிவிடுவார்கள். காலையில் போவது உத்தமம்.